காப்புக் கட்டிய கை

அந்த ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் பூக்குழி இறங்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. எல்லை, ஓடைப் பாலம். டவுன் பஸ் நிற்பது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

தில்லைநாயகம் காலையிலிருந்து பாலம்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தார். கடைசியில் மடத்துக்கு வந்தார்.

அடிகள் பின்கட்டில் உட்கார்ந்து திருவிழாக் கூழுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குருதான் என்றாலும் சீடரைவிட வயதில் இளையவர்.

"சாமி, டவுன் ஆஸ்பத்திரியில கோமளத்துக்கு ரொம்ப முடியலை. டாக்டர் கைவிரிச்சுட்டாராம். பார்க்கிறவங்க வந்து பார்த்துடுங்கன்னு சொன்னாராம். பொண்ணு போன் பண்ணினா."

"கிளம்புங்க."

தில்லைநாயகம் வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு துண்டு மஞ்சள்.

"என் பெஞ்சாதி பிழைக்கணும்னுதான் இதைக் கட்டினேன். பூக்குழி வெள்ளிக்கிழமை. நடுவுல எல்லை தாண்டினா வேண்டுதல் முறிஞ்சுடும். முறிஞ்சா அவளுக்குத்தானே ஆகாது?"

"அப்ப இருங்க."

"இருந்தா, என்னைப் பார்க்காமலே போயிடுவாளோன்னு பதறுது."

"அப்ப போங்க."

"விளையாடாதீங்க சாமி."

"விளையாடலை. எனக்கும் தெரியலை."

அடிகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தாலா, வேறு எதனாலா என்று தில்லைநாயகத்துக்குப் புரியவில்லை. குருவுக்கே தெரியாது என்பது அவரை இன்னும் கலக்கியது.

"அந்தம்மாகிட்டப் பேசினீங்களா?"

"இல்லை. என்னன்னு பேசறது?"

"போடுங்க."

மகள் எடுத்தாள். தாயின் காதருகே வைத்தாள் போலிருக்கிறது. முதலில் மூச்சு இரைக்கும் சத்தம்தான் வந்தது.

"யாரு, அவரா?"

"நான்தான் கோமளம்."

"எங்க இருக்கீங்க?"

"ஊர்லதான். உனக்காகத்தான்... காப்புக் கட்டியிருக்கேன்ல."

"ஏங்க, ஆத்தா என்ன எனக்குச் சக்களத்தியா? அவகூடவே இருக்கீங்க." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் சொன்னாள்: "என் பழைய நூல் சேலை ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இந்த ஆஸ்பத்திரிப் போர்வை அரிக்குது. குளிருது."

போன் நின்றது.

"சேலை கேக்கிறா சாமி."

"கேட்டுச்சு."

தில்லைநாயகம், அடிகள் உரித்துப் போட்ட வெங்காயத் தோல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"தாண்டிப் போய் அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் தாண்டினதாலதான்னு ஆயிடும். கட்டையில போற வரைக்கும் அது என்னைத் தின்னும்."

"தாண்டாம இருந்து ஏதாவது ஆச்சுன்னா?"

தில்லைநாயகம் மணிக்கட்டுக் கயிற்றை ஒருமுறை திருகினார்.

"ஆத்தாவைத் திட்டுவேன். நான் செய்ய வேண்டியதைச் செஞ்சேன், நீதான் கைவிட்டேன்னு."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே அந்நியமாக விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை.

அடிகள் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வீட்டுக்குப் போய்ச் சேலையை எடுத்துட்டு வாங்க."

இருவரும் பாலத்துக்கு நடந்தார்கள். தில்லைநாயகத்தின் கையில் ஒரு துணிப்பை. அந்தப் பக்கம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் பாலத்தின் முனையில் நின்றுவிட்டார்.

"இதை அவிழ்த்து விட்டுடுங்க சாமி."

"எதுக்கு? கட்டினது அப்படியே இருக்கட்டும்."

"கட்டின கையோட எப்படித் தாண்டறது? ஆத்தாவுக்குக் கோபம் வந்தா?"

"வரட்டும்."

"கோமளத்துக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆத்தாவைத் திட்டுங்க. அங்க இருந்துக்கிட்டே திட்டுங்க. அவ தாங்குவா. உங்களுக்காக வெள்ளிக்கிழமை வரைக்கும் இல்லை, அடுத்த வருஷம் வரைக்கும்கூட அவளால காத்திருக்க முடியும்."

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. அடிகள் அந்தத் துணிப்பையைத் தொட்டார்.

"கோமளத்தம்மாவுக்கு இப்பக் குளிருது."