லூர்துசாமி பார்க்க வந்த கறுப்பு க்ரூசர்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பழைய க்ரூசர் மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கு நின்றன. தாழ்ந்த இருக்கை, அகன்ற டேங்க், மாட்டுக் கொம்புபோல் வளைந்த ஹேண்டில்பார். பாதிக்கு மேல் நாற்பது வருடத்துக்கு முந்தியவை.

கடை நஸ்ரினுடையது. முன்பு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். அதனால் வண்டி வாங்க வருகிறவர்கள்கூட அவரை டீச்சர் என்றார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் செங்கோட்டுவேல். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். இன்சூரன்ஸ் ஏஜென்டாகப் பேசிப் பேசியே பிழைத்தவர், இந்த வண்டிகள்மேல் இருந்த பைத்தியத்தில் அதை விட்டுவிட்டு வந்திருந்தார். நாலு மாதம் ஆகிவிட்டது. ஒரு வண்டியைக்கூட அவர் விற்கவில்லை.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த வண்டியையே மறுபடி துடைப்பார். வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பார். போனை எடுப்பார், வைப்பார். வீட்டில் சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார் என்று மனைவி தெய்வானை கவலைப்பட்டாள். அவளுடைய அண்ணன் ஒரு நூல் மில்லின் குடோனில் அவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை சேர வேண்டும். அதற்குள் ஒரு வண்டியாவது விற்றுவிட்டால் மில்லுக்குப் போகமாட்டேன் என்று செங்கோட்டுவேல் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை அவர் கேட்டார்: “டீச்சர், நீங்க மட்டும் எப்படி விக்கறீங்க? வர்றவங்ககிட்ட என்னதான் சொல்றீங்க?”

“பெருசா ஒண்ணும் சொல்றதில்லைங்க, வேலண்ணா.”

“மறைக்கறீங்க.”

நஸ்ரின் சிரித்தார். “நாளைக்கு லூர்துசாமி சார் வர்றாரில்ல? வரட்டும், பாப்போம்.”

லூர்துசாமி போத்தனூர்க்காரர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கறுப்பு க்ரூசர் ஒன்றைப் பார்க்க ஏற்கெனவே இரண்டு தடவை வந்திருந்தார். இரண்டு தடவையும் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். செங்கோட்டுவேல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ‘யோசிச்சுச் சொல்றேங்க’ என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே செங்கோட்டுவேல் ஆரம்பித்துவிட்டார்.

“வாங்க சார், வாங்க. ஜப்பான் வண்டி. எண்பத்தொண்ணுல செஞ்சது. இன்னிக்கும் கம்பெனி பெயின்ட்தான். இந்தக் குரோமைப் பாருங்க, மூஞ்சி தெரியும்.”

“இல்லைங்க, ஒரு விஷயம்...” என்றார் லூர்துசாமி.

“பேப்பர்தானே? எல்லாம் சுத்தமா இருக்குங்க. முதல்ல சத்தத்தைக் கேளுங்க.”

எஞ்சினைக் கிளப்பினார். சூடேறாத எஞ்சின் விக்கியது. நின்றுவிடக்கூடாதே என்று ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார். ஊட்டி மலை ஏறும் என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் தானே வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். வேறொருவர் கேட்டு வைத்திருக்கிறார் என்றார். லூர்துசாமி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

நஸ்ரின் பின்னாலிருந்து வந்து, செங்கோட்டுவேலின் கையை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டார். எஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றது.

செங்கோட்டுவேல் பதறி ஸ்டார்ட்டர் பட்டனுக்குப் போனார். சாவி நஸ்ரினின் கைக்குள் இருந்தது.

“டீச்சர்!”

“கொஞ்சம் இருங்க.”

கொட்டகை அமைதியானது. சைலன்சர் ஆறும் சத்தம் டிக் டிக் என்று கேட்டது. ரோட்டில் ஒரு லாரி போனது.  செங்கோட்டுவேலுக்குச் செருப்புக்குள் கால் விரல்கள் நெளிந்தன. வந்தவரைச் சும்மா விட்டால் கை நழுவிவிடும், இத்தனை வருட அனுபவம் அது. சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரை வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

லூர்துசாமி டேங்க்மேல் கையை வைத்தார்.

“எனக்கு இடது முழங்கால்ல ஆபரேஷன் ஆகியிருக்குங்க. சிக்னல்ல நிக்கறப்ப, இந்தக் கால் இந்த வண்டியைத் தாங்குமா?”

‘தாராளமாத் தாங்கும் சார்’ என்பது தொண்டையில் தயாராக இருந்தது. செங்கோட்டுவேல் அந்தக் காலைப் பார்த்தார். பேன்ட்டுக்குள் கட்டியிருந்த முழங்கால் பட்டை புடைத்துத் தெரிந்தது.

“தெரியலீங்க,” என்றார். “உக்காந்து நிமித்திப் பாருங்க. நான் இந்தப் பக்கம் நிக்கறேன்.”

லூர்துசாமி ஏறி உட்கார்ந்து வண்டியை நிமிர்த்தினார். ஒரு கணம் நேராக நின்றது. பிறகு முழங்கால் நடுங்கத் தொடங்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. செங்கோட்டுவேல் இடுப்பைக் கொடுத்துத் தாங்கினார். நஸ்ரின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்க மூன்று பேருமாக அதை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள்.

லூர்துசாமி பெஞ்சில் உட்கார்ந்தார்.  

“முப்பது வருஷம் ரயில் ஓட்டினேன்,” என்றார். “ஒரு நாளும் நானா வளைச்சதில்லைங்க. தண்டவாளம் எங்க போகுதோ அங்க போகணும். ரிட்டயர் ஆனதும், நான் திருப்பினா திரும்பற மாதிரி ஒரு வண்டி வேணும்னு ஒரு வெறி. இதைப் பார்த்ததுல இருந்து தூக்கமில்லை. வாங்குடான்னு ஒரு மனசு. விழுந்துட்டா என்ன பண்ணுவேன்னு ஒரு மனசு. வீட்டுலயும் கேக்க முடியல. இங்கயும்...”

நிறுத்திக்கொண்டார். செங்கோட்டுவேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. லூர்துசாமி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது செங்கோட்டுவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குத் தூங்கிருவேங்க.”

பஸ் ஸ்டாப்பை நோக்கி மெதுவாக நடந்து போனார். கறுப்பு க்ரூசர் நின்ற இடத்திலேயே நின்றது. செங்கோட்டுவேல் அதைத் துணி போட்டு மூடினார். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நஸ்ரின் கடை திறக்க வந்தபோது செங்கோட்டுவேல் வாசலில் நின்றிருந்தார். கையில் டிபன் கேரியர்.

“மில்லுக்குப் போகலையா, வேலண்ணா?”

“மில்லு வாசல் வரைக்கும் போனேன் டீச்சர். உள்ள போக முடியலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.”

“கேளுங்க.”

“இந்த நாலு மாசத்துல எத்தனையோ பேர் வந்தாங்க. ஒருத்தரும் வாங்கலை. வாங்கற மாதிரி இருந்தது லூர்துசாமி சார் ஒருத்தர்தான். வண்டியை அணைச்சு அவரையும் அனுப்பிட்டீங்க. எதுக்கு?”

நஸ்ரின் ஷட்டரை மேலே தள்ளினார்.

“எத்தனையோ பேரா? எனக்குத் தெரிஞ்சு நீங்க பேசவிட்ட ஆளுன்னு நேத்துத்தான் ஒருத்தர் வந்தாருங்க, வேலண்ணா.”

செங்கோட்டுவேல் உள்ளே போய் டிபன் கேரியரைப் பெஞ்சின்மேல் வைத்தார். கறுப்பு க்ரூசர்மேல் போட்டிருந்த துணியை எடுத்தார்.