இடைவேளைக்கு முந்தைய காட்சி

“அம்மா, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?”

செருப்போடு ஆசிரமக் கூடத்துக்குள் வந்து கேட்டார் சினிமா இயக்குநர் தில்லைராசன்.

அருளம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தில்லைராசனைவிடப் பத்து வயது இளைய துறவி. ஆனாலும் அவருக்கு இவர்தான் குரு, இவர்தான் அம்மா.

“செருப்பு,” என்றார் அம்மை.

செருப்பு வெளியே போனது. கோபம் போகவில்லை.

போன வருஷம் பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுந்ததே, நாடே சோறு இறங்காமல் டிவி முன் உட்கார்ந்திருந்ததே, அதைத்தான் படமாக எடுத்திருக்கிறார். நாலு பாட்டு, இரண்டு சண்டை. ரயில் விபத்தில் சண்டை எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது.

“அந்தப் பூங்காவனம் அம்மா என் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க, ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க. இப்போ பஸ் பிடிச்சு இங்கேயும் வந்துட்டாங்க!”

அம்மை எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன வேணுமாம்?”

“அவங்க பொண்ணு அந்த ரயில்ல போயிடுச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே முழுகுற காட்சியைப் படத்துலேருந்து வெட்டிடணுமாம். அந்தக் காட்சிதான்மா இடைவேளையே! அது இல்லன்னா படம் படுத்துடும்.”

“அவங்களைக் கேட்டீங்களா, எடுக்கும்போது?”

“பேரை மாத்திட்டேனே! கடைசியில அஞ்சலின்னு போட்டிருக்கேனே! இன்னும் என்னதான் பண்றது?”

“கத்தாதீங்க. மாடு மிரளுது.”

தில்லைராசன் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் மனசாட்சி இல்லாதவன் இல்லம்மா. என் செட்ல வந்து விசாரிச்சுப் பாருங்க. அந்த வேஷத்துல நடிச்சது சின்னப் பொண்ணு. பிணமா மிதக்குற ஷாட் முடிஞ்சதும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வெச்சோம். எங்க தொழில்ல அது வழக்கம். செத்த மாதிரி நடிச்சவங்களைச் சிரிக்க வெச்சுத்தான் அனுப்பணும், இல்லன்னா ஆகாது. கூட அவ அம்மா வந்திருந்தாங்க. நடிப்புன்னு தெரிஞ்சும் ஒரே அழுகை. பெத்த மனசு இல்லையா? ‘பாருங்கம்மா, சிரிக்கிறா பாருங்க’ன்னு நானே போட்டுக் காட்டினேன். அப்புறம்தான் காபியே குடிச்சாங்க.”

“அது இருக்கா?”

“போன்லயே இருக்கு.”

காட்டினார். தலை சொட்டச் சொட்ட ஒரு பெண் தண்ணீரிலிருந்து எழுந்து கலகலவென்று சிரித்தாள். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“இதை அவங்களுக்கும் போட்டுக் காட்டிட்டு வாங்க.”

“யாருக்கு?”

அம்மை கேட்டைக் காட்டினார்.

“அவங்களுக்கு எதுக்கும்மா இது?”

“அவங்களும்தான் காலையிலேருந்து காபி குடிக்கல. போங்க.”

இந்த அம்மாவிடம் யோசனை கேட்க வந்தது தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். முற்றத்தைத் தாண்டும்போது நடை தளர்ந்தது. கேட்டருகே நின்றேவிட்டது.

பூங்காவனம் அவசரமாக எழுந்து கைகூப்பினார்.

“வெட்டிட்டீங்களா சார்?”

தில்லைராசன் போனை அணைக்கப் பார்த்தார். விரல் எங்கேயோ பட்டு வீடியோ மறுபடி ஓடித் தொலைத்தது. சட்டைப்பைக்குள் திணித்தார். சத்தம் நிற்கவில்லை.

பூங்காவனம் காது கொடுத்துக் கேட்டார்.

“யாரு சார் சிரிக்கிறது?”