மருதங்காட்டில் அறுந்த கம்பி

வடகரை மின் கழகம் அரசுக்குச் சொந்தமானது. அங்கே அங்கயற்கண்ணி, பரிதிவாணன் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தேர்வில் அவள் முதலிடம், அவன் நான்காமிடம். முப்பது வருடம் கழித்து இயக்குநர் குழுவில் ஒரு நாற்காலி காலியானபோது, அது அவனுக்குப் போயிற்று. அவள் பாதுகாப்புப் பிரிவின் தலைமைப் பொறியாளராகவே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல். அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவனை இப்போது 'சார்' என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவன் கார் வரும் நேரம் பார்த்து அவள் பின்படியில் ஏறிப்போவாள். அவன் நன்றாகப் பேசினான் என்று யாராவது சொன்னால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த ஐப்பசி மழையில் மருதங்காட்டில் ஒரு தனியார் தோப்பின் தென்னை சாய்ந்து, சாலையைக் கடக்கும் மின்கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்தது. காலையில் மீன் கூடையோடு சைக்கிளில் வந்த லூர்துசாமி அந்தத் தண்ணீரில் கால் வைத்தார், அங்கேயே இறந்துபோனார். அவர் மனைவி செபத்தியம்மாள் இழப்பீடு கேட்டு மனுக் கொடுத்தாள்.

அறிக்கை தயாரிக்கும் வேலை அங்கயற்கண்ணிக்கு வந்தது. பழைய கோப்புகளைப் புரட்டியபோது ஒரு சான்றிதழ் அகப்பட்டது. கம்பி அறுந்தால் தரையில் விழாமல் தாங்கும் காப்புக் கம்பிகள் அந்தச் சாலைக்கு மேலே போடப்பட்டுவிட்டன என்று பதினொரு வருடத்துக்கு முன்பு ஒருவர் கையெழுத்திட்டிருந்தார். அவள் நேரில் போய்ப் பார்த்தாள். அப்படி எதுவும் போடப்பட்ட அடையாளமே இல்லை. கையெழுத்து பரிதிவாணனுடையது.

ஒரு மனிதர் செத்த இடத்தில் நின்றுகொண்டு தனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

அந்த மனுவை முடிவு செய்ய இயக்குநர் குழு கூடிய அன்று செபத்தியம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறிக்கையோடு அங்கயற்கண்ணியையும் உள்ளே அழைத்திருந்தார்கள். உள்ளே சட்ட அதிகாரி முதலில் பேசினார். மரம் வேறொருவருடையது, போன மாதம்தான் கம்பியைச் சோதித்தோம், ஆகவே கழகத்தின் மேல் தப்பில்லை, கொடுக்க வேண்டியதில்லை என்றார்.

பரிதிவாணன் மறுத்தான். "ஆளைக் கொல்லக்கூடிய ஒன்றை ஊர் நடுவே நாம் கொண்டுபோகிறோம். அது கைமீறினால் பொறுப்பு நம்முடையது. மரம் யாருடையது, தப்பு யாருடையது என்று அந்த அம்மாவிடம் பேச நமக்கு வாயில்லை. விசாரணையே வேண்டாம். இன்றைக்கே கொடுத்துவிடலாம்."

எல்லோரும் அவனை மதிப்போடு பார்த்தார்கள். அந்தப் பார்வையை அங்கயற்கண்ணியால் தாங்க முடியவில்லை. தான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிட்டதே என்று புழுங்கினாள். எழுந்து, யார் தப்பு என்று தெரியாமல் எதுவும் கொடுக்கக்கூடாது, முதலில் விசாரணை முடியட்டும் என்று சொல்லிச் சான்றிதழை மேசைமேல் வைத்தாள்.

"இது நினைவிருந்துதானே விசாரணை வேண்டாம் என்றீர்கள், சார்?"

பரிதிவாணன் அதைப் பார்த்தான். "நினைவிருந்தது. இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றான். நாற்காலியை விட்டு எழவில்லை.

எல்லோரும் குழுவின் தலைவரைப் பார்த்தார்கள். தப்பில்லை, கொடுக்க வேண்டாம் என்கிறார் ஒருவர். விசாரிக்காமல் கொடு என்கிறான், தன் குறை வெளிவந்துவிடும் என்று தெரிந்த ஒருவன். விசாரித்த பிறகே கொடு என்கிறாள், பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் ஒருத்தி. இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: அபாயமான பொருளைக் கையாள்கிறவர், தப்பே செய்யாவிட்டாலும், அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பு. ஆகவே மரம் வேறொருவருடையது என்ற சட்ட அதிகாரியின் வாதம் இங்கே செல்லாது. கொடுக்கச் சொன்ன மட்டில் பரிதிவாணன் சரி. தன்னைத் தொடும் விஷயத்தை மறைத்து, அதே நாற்காலியிலிருந்து விசாரணையைத் தடுக்கப் பார்த்தது தப்பு. விசாரணை கேட்ட மட்டில் அங்கயற்கண்ணி சரி. அதற்காக அந்தப் பெண்ணைக் காக்கவைக்கப் பார்த்தது தப்பு. தலைவர் பரிதிவாணனை வெளியே அனுப்பிவிட்டு, இழப்பீட்டுக்கு அன்றே உத்தரவிட்டார். விசாரணையைத் தனியே வைத்தார். அதில் பரிதிவாணனின் பதவி போயிற்று. அந்த நாற்காலி அங்கயற்கண்ணிக்கு வந்தது. சில மாதம் கழித்து, நன்றி சொல்ல வந்த செபத்தியம்மாள் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "எனக்குக் குடுக்கச் சொல்லி முதல்ல பேசினாராமே ஒரு ஐயா, அவரு எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டாள். அங்கயற்கண்ணிக்கு அன்றும் சாப்பாடு இறங்கவில்லை.