கிளையறுத்த பாதை

தேரில் போகும் அரசரும் கிளையில் போகும் குரங்கும் அடுத்தடுத்து வாழ்ந்த காலம் அது, பிள்ளைகளே. கோவேளன் என்றோர் அரசன் இருந்தான். அவனுக்கு ஒரே மகள், நல்லினி. அவளை மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்தான். நடுவே, வெயில் தரை தொடாத மழைக்காடு. அதில் ஓர் ஒற்றையடிப் பாதை.

மகளைப் பார்க்க ஆசை வந்தது. பல்லக்கு போக மரங்களை வெட்டினான். மேலே கிளைகள் கைகோத்தே இருந்தன. தரையில் இறங்க அஞ்சும் சோலைமந்திகள் அவற்றின் மீது போய்வந்தன.

மகளுக்குச் சீர் அனுப்ப ஆசை வந்தது. வண்டி போக மரங்களை வெட்டினான். கிளைகளின் பிடி விட்டது. மந்திகள் தாவிக் கடந்தன.

பிறகு நல்லினி கருவுற்றாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? மகள் குலுங்காமல் வர வேண்டுமென்று, தேர் போக மரங்களை வெட்டச் சொன்னான்.

தேரோட்டி பொன்னாதன் தலையைச் சொறிந்தான். "அரசே, மந்திகள் எப்படிக் கடக்கும்? அகலப் பாதை குறுக்கே வந்தால் கிளை பிரிந்துபோகுமே."

"கிளையா? மரக்கிளையா?"

"உறவும் கிளைதானே, அரசே."

"அடேய், குரங்குக்கும் ஒரு தேர் பூட்டட்டுமா?" அரசன் சிரித்தான். மரங்கள் விழுந்தன.

மந்திக் கூட்டம் பழம் தேடிப் பாதைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சினையாக இருந்த ஒரு மந்தி மட்டும், கனத்த வயிற்றோடு பின்தங்கி, இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மாலைதோறும் கூவியது. முதலில் அருகே பதில் வந்தது. பிறகு தொலைவில் வந்தது. பிறகு வரவில்லை.

மழைக்காலம் இறங்கியது. பிடித்துக்கொள்ள வேரில்லாத மண் சரிந்தது. அடிவாரத்து வயல்களைச் சேறு மூடியது. உழவர்கள் விதைநெல்லைச் சமைத்துத் தின்றார்கள்.

பாதிவழி வரை மகளைக் கொண்டுவந்து விடுவதாகக் கணவன் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அரசன் தேரில் விரைந்தான். பாதிவழியில் பாதை இல்லை. பெரும்பள்ளம் வாய் பிளந்து கிடந்தது. அதற்கு அப்பால், நிறைவயிற்றோடு நல்லினி.

"அங்கேயே நில், அம்மா! இதோ வந்துவிடுகிறேன்!"

"எப்படி அப்பா வருவீர்கள்? ஒற்றையடிப் பாதையாகவே விட்டிருந்தால், நான் நடந்தே வந்திருப்பேனே!"

அரசன் பொன்னாதனைப் பார்த்தான். பொன்னாதன் குதிரைகளைப் பார்த்தான்.

மழை வலுத்தது. நல்லினியின் தேர் திரும்பிப் போனது. பேரன் பிறந்த செய்தி மலையைச் சுற்றிக் கடலோரமாக வந்து சேர்ந்தபோது, அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்.

கோவேளன் பள்ளத்தின் ஓரமெங்கும் கன்றுகள் நட்டான். கன்று மரமாகி, மரம் கை நீட்ட, தன் ஆயுள் போதாது என்று அவனுக்குத் தெரியும். மாலையில் அந்த மந்தி குட்டியை அணைத்தபடி கூவும். அரசனும் பள்ளத்துக்கு அப்பால் பார்த்துக் காத்திருப்பான். பதில் வராது.

பிறர் கிளையை வெட்டுகிறவன் தன் கிளையையே வெட்டிக்கொள்கிறான்.