மீதி ஒன்று

பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கு நடுவே ஒரு மேடு இருந்தது. மேட்டின் மேல் ஒரு பள்ளிக்கூடம். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும், குட்டிகளும் குஞ்சுகளும் நடந்தே போய்ப் படித்துவிட்டு வரும். வாத்தியார் கொக்கு. சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் உடம்பு, அடக்கமான நடை, பார்த்தால் கும்பிடத் தோன்றும். எனக்கு மட்டும் அதன் கழுத்தைத் திருகத்தான் தோன்றுகிறது. ஏன் என்று கேளுங்கள், உங்களுக்கும் தோன்றும்.

கொக்குக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. கணக்கில் என்ன சொல் வருகிறது என்று பார், அதற்கு ஏற்றதைச் செய். ‘மொத்தம்’ என்றால் கூட்டு. ‘குறைந்தது’ என்றால் கழி. ‘ஆளுக்கு இத்தனை’ என்றால் வகு. மீதி வந்தால் ஓரமாக எழுதிவிட்டு எழுந்திரு. கணக்குக்குள் இருப்பது மரமா, மாடா, உயிரா என்று பார்க்கிற பழக்கமே அதற்குக் கிடையாது.

அந்த வகுப்பில் குன்றி என்றொரு கோழிக்குஞ்சு படித்தது. கரையில் இருந்த செவலைக் கோழியின் ஒரே பிள்ளை. போட்ட முட்டைகளில் பொரித்தது அது ஒன்றுதான். குன்றிக்குக் கணக்கைக் காதால் கேட்டால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். காலால் மண்ணில் படம் கீறிப் பார்க்கும்.

ஒருநாள் கொக்கு கேட்டது: “ஒரு மரத்தில் ஏழு கிளை. ஒவ்வொரு கிளையிலும் மூன்று கூடு. காற்றில் இரண்டு கூடு விழுந்துவிட்டது. இப்போது எத்தனை?”

அணில்குட்டி புளியங்கொட்டைகளை மூன்று மூன்றாக ஏழு வரிசை வைத்து, இரண்டை எடுத்தது. குன்றி மண்ணில் மரம் வரைந்து, கிளை வரைந்து, கூடு வரைந்து, இரண்டை அடித்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்: “பத்தொன்பது ஐயா!”

கொக்கு கொட்டைகளைத் தட்டிவிட்டது. படத்தைக் காலால் அழித்தது. “விடை சரி. வழி தப்பு. முட்டி போடுங்கள்!”

விடை சரியாம், வழி தப்பாம்! கேட்டீர்களா அநியாயத்தை? அது என்ன அதன் அப்பன் வீட்டு மண்ணா?

முட்டி போட்டுக்கொண்டே குன்றி ஒன்று கேட்டது. “ஐயா, மீதியை ஓரமா எழுதுறோமே, அது அங்க உக்காந்து என்ன பண்ணும்?”

வகுப்பே சிரித்தது. கொக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை அது மறக்கவே இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி வந்தும் ஏரி வற்றியே கிடந்தது. ஒருநாள் மேற்கே மலையில் பெய்த மழை, சொல்லாமல் கொள்ளாமல் ஏரிக்குள் இறங்கியது. மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். பிள்ளைகள் பதின்மூன்று பேர், நீந்தத் தெரியாது, பறக்கத் தெரியாது. நல்ல வேளையாக ஓர் ஆமை வந்து சேர்ந்தது.

“முதுகுல நாலு பேருதான் வாத்தியாரே, அஞ்சாவது ஆள் ஏறினா சாஞ்சிடுவேன். எத்தனை நடைன்னு இப்பவே சொல்லிடுங்க. சொன்ன நடை முடிஞ்சதும் சேத்துக்குள்ள போயிடுவேன், அப்புறம் இடியே விழுந்தாலும் என் காதுல விழாது.”

கொக்கு கண்ணை மூடியது. “பதின்மூன்றை நாலால் வகுத்தால் மூன்று. மீதி ஒன்று. மூன்று நடை.”

குன்றி அதற்குள் மண்ணில் பதின்மூன்று கோடு கீறி, நாலு நாலாக வட்டம் போட்டு, தனியாக நின்ற ஒரு கோட்டுக்கும் ஒரு வட்டம் போட்டுவிட்டது. “இல்லீங்கய்யா, நாலு நடை! இங்க ஒருத்தர் நிக்கிறாங்க பாருங்க!”

“வாத்தியார் நீயா, நானா?”

“நீங்கதான் ஐயா. ஆனா நாலு நடை.”

கொக்கு குனிந்து பார்த்திருக்கலாம். மூக்கு நீளம்தானே, குனிய எவ்வளவு நேரம்? பார்க்கவில்லை. “நாலாவது நடை உண்டு என்றாயே, நீ அதிலேயே வா!” என்று குன்றியை வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. ஆமையிடம் மூன்று என்றே சொன்னது.

மூன்றாவது நடையில் அணில் கத்தியது: “குன்றி, வாடி, என் வாலுக்குள்ள ஒளிஞ்சுக்கோ!” குன்றி ஓடி வந்தது. கொக்கு அலகால் அதை மறித்தது. “நாலு என்றால் நாலுதான்.”

ஆமை கரையில் இறக்கிவிட்டுச் சேற்றுக்குள் போய்விட்டது. கொக்கும் பறந்து வந்து இறங்கியது. செவலைக் கோழி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தது.

“எம் பிள்ளை எங்க வாத்தியாரே?”

“அது மீதி” என்றது கொக்கு.

“மீதியா? அது பேரு குன்றிய்யா! ஒனக்கு றெக்கை இருக்குல்ல, போய்த் தூக்கிட்டு வாய்யா!”

அப்போதாவது பறந்திருந்தால் குன்றி பிழைத்திருக்கும். கொக்கு பறக்கவில்லை. ஈர மணலில் அலகால் எழுதிச் சரிபார்த்தது. “நாலு மூன்று பன்னிரண்டு. பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. கணக்கில் தப்பே இல்லையே.”

தப்பே இல்லையாம்! பாவி, தலைநிமிர்ந்து பார்த்தபோது மேடு இல்லை. ஏரி முழுக்கத் தண்ணீர்தான்.

செவலைக் கோழி அழவில்லை. நெஞ்சால் முட்டி முட்டிக் கொக்கைத் தண்ணீருக்குள் தள்ளியது. “போ. மீதியை எடுத்துக்கிட்டு வா. எடுக்காம கரையேறுன, கொத்திக் கொன்னுடுவேன்.”

கொக்கு கரையேற ஒரு காலைத் தூக்கியது. கரையில் எல்லா உயிர்களும் முறைத்தபடி நின்றன. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டது. கழுத்தைத் தொங்கப் போட்டுத் தண்ணீருக்குள் பார்க்கத் தொடங்கியது.

இன்றும் அப்படித்தான் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பொறுமை என்கிறீர்கள். பொறுமையாம் பொறுமை! அது மீதியைத் தேடுகிறது, ஐயா.

செவலைக் கோழி மேடு இருந்த இடத்துக்கு எதிரே கரையில் நின்று, அணில் சொல்லக் கேட்டு, குன்றி கீறியதைப் போலவே மண்ணைக் கீறியது. எல்லாருக்கும் வட்டம் போட்டோமா என்று ஓரடி பின்னால் போய்ப் பார்த்தது. மறுபடி கீறியது. மறுபடி பார்த்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எந்த ஊர்க் கோழியானாலும், காலடியில் தானியம் கொட்டிக் கிடந்தாலும், மண்ணைக் கீறிவிட்டு ஓரடி பின்வாங்கி, யாராவது விட்டுப்போயிற்றா என்று குனிந்து பார்த்த பிறகுதான் வாய் வைக்கிறது.