தோளில் ஒரு மலை

சூசை முன்பு சவப்பெட்டி செய்தவர். உள்ளே படுத்தவர் எவரும் குறை சொன்னதில்லை.

அறுபது வயதில் கிட்டார் செய்யப் படிக்க வந்தார், கொடைக்கானலில் எஸ்தரின் பட்டறைக்கு. எஸ்தர் அவரைவிட இருபது வயது சின்னவள். அதனாலென்ன? மாஸ்டர் அவள்தான்.

இப்போது கையில் இருப்பது அவர் தனியாகச் செய்த முதல் கிட்டார். வாங்குபவர் வேண்டாம் என்றால் உளியைக் கீழே வைத்துவிட வேண்டும். பட்டறை விதி. மறுபடி சவப்பெட்டிதான்.

வாங்குபவர் தேவசகாயம். மாதா கோயில் பாட்டுக்குழுவில் வாசிக்கிறவர். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. கேட்டது ஒன்றே ஒன்று.

"கண்ணு தெரிஞ்ச காலத்துல எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு மலை தெரியும். மூணு உச்சி, நடுவுல உள்ளது குட்டை. அது கிட்டாரோட தோள்ல, கழுத்துப் பக்கத்துல வேணும்."

சூசை செய்தார். மஞ்சள் பலா மரத்தில் கருங்காலியை மலையாகப் பதித்தார். இரண்டு மரமும் சேருகிற கோட்டில், உச்சிக்கு உச்சி ஏறி இறங்கும்படி, பட்டையான பித்தளைக் கம்பியை அடித்து இறக்கினார். முழுக்க இறக்கவில்லை. நகக் கனம் மேலே துருத்தும்படி விட்டார்.

எஸ்தர் விரல் வைத்துப் பார்த்தாள்.

"மேடா இருக்கு."

"தெரிஞ்சுதான் விட்டேன் மாஸ்டர்."

"எதுக்கு?"

"கண்ணு தெரியாதவர். தடவினா கிடைக்கணும்ல? மட்டமாத் தேச்சுட்டா அவருக்கு மலையே இல்லையே?"

அரத்தை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"தேய்ங்க சூசையண்ணே."

"அவர் வேண்டாம்னுட்டா?"

"விட்டு விட்டுத் தேய்ங்க. பித்தளை சட்டுனு சூடு பிடிக்கும். பசை இளகிடும்."

கேட்டதற்கு அது பதில் இல்லை. சூசை தேய்த்தார். கண்ணை மூடித் தடவினார். மரம் முடிந்து பித்தளை தொடங்கும் இடம் அவர் விரலுக்கே அகப்படவில்லை.

பனி விலகுமுன்பே தேவசகாயம் வந்துவிட்டார். குல்லாவைக் கழற்றிக் காதை விடுவித்துக்கொண்டார்.

"சவப்பெட்டிக்காரர் செஞ்சதாமே? மூடி போட்டிருக்காரா?"

எஸ்தர் சிரித்தாள். சூசைக்குச் சிரிப்பு வரவில்லை.

தேவசகாயம் கிட்டாரை மடியில் வாங்கினார். தோளைத் தடவினார். மேலே, கீழே, மறுபடி மேலே.

"மலை எங்கய்யா?"

"இருக்கு சார்."

"எங்க இருக்கு? மொழுமொழுன்னு கண்ணாடி மாதிரியில்ல இருக்கு. குருடன்தானேன்னு ஏமாத்துறீங்களா?"

அவர் விரலைப் பிடித்து வைக்கலாம் என்று சூசை கையை நீட்டினார். எஸ்தர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல சுருதி பாருங்க சார்" என்றாள்.

"சுருதி பாத்து என்ன செய்ய? வாங்கினாத்தானே?"

முனகிக்கொண்டே குனிந்தார். அவர் வழக்கம் அது. கிட்டாரின் தோளில் கன்னத்தை அழுத்திக் காது வைத்துத்தான் சுருதி சேர்ப்பார். ஒரு தந்தியைச் சுண்டினார்.

சுண்டிய கை அப்படியே நின்றது.

கன்னத்தை எடுத்தார். மறுபடி வைத்தார். மெல்ல நகர்த்தினார்.

"குளிருது" என்றார். "மரம் குளிரல. இது குளிருது."

கன்னத்தை ஒரு விரல்கடை மேலே தள்ளினார்.

"ஏறுது... இறங்குது. இது குட்டை. நடு உச்சி! அடுத்தது... ஆமாய்யா, ஆமா! காலையில ஜன்னல் கண்ணாடியில மூஞ்சிய வச்சா இப்படித்தான் சில்லுனு இருக்கும். அம்மா திட்டும்."

நிமிர்ந்தார். சுருதி சேர்த்தார். வாசித்தார் பாருங்கள், திருவிழாத் தேர் கிளம்பும்போது அடிக்கிற அடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு ஓடி வந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஒருவன் விசிலடித்தான்.

"செஞ்ச ஆள் எங்க?"

சூசை கிட்டே போனார். தேவசகாயம் அவர் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

"என் சவப்பெட்டியும் நீர்தான்யா செய்யணும்."

"அதை விட்டுட்டேன் சார்" என்றார் சூசை.

கூட்டம் அவரைச் சுமக்காத குறையாக டீக்கடைக்கு இழுத்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். மேடா விட்டிருந்தா தடவின உடனே கிடைச்சிருக்குமே?"

எஸ்தர் அரத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

"கிடைச்சிருக்கும்ண்ணே. பித்தளைதான் கிடைச்சிருக்கும்."