தேர்வாளர் தலைக்கு வந்த தேர்வு

அழகுக்கலை உரிமம் வாங்கினால்தான் ஜெசிந்தா சொந்தமாகப் பார்லர் திறக்க முடியும். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். மூன்றாம் முறை செய்முறைத் தேர்வுக்கு வந்த அன்று பார்த்து, அவளுக்கு மாடலாக உட்கார வேண்டிய தங்கைக்குக் காய்ச்சல்.

"மாடல் இல்லையா? வெளியே போ!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் தலைமைத் தேர்வாளர் கிருபாகரன்.

"யாரை உட்கார வைக்கலாம் சார்?"

"தலையில முடி இருக்கிற யாரா இருந்தாலும் சரி. ஆனா கேட்டைப் பூட்டியாச்சு, இனிமே வெளியாள் வரக்கூடாது."

"அப்போ நீங்களே உட்காருங்க சார், தலை அலசி விடுறேன்."

கூடமே சிரித்தது. "என்ன திமிர் உனக்கு!" என்று எழுந்தார் அவர். ஜெசிந்தா அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "விக்கைக் கழட்டிட்டு அலசவா சார், தலையிலேயே வெச்சு அலசவா?" என்றாள்.

கிருபாகரன் முகம் வெளுத்துவிட்டது. வாசல் காவலுக்கு இருந்த பெண்ணை அவரே கூப்பிட்டு மாடலாக உட்கார வைத்தார். ஜெசிந்தா அலசி, வெட்டி, உலர்த்திய நேர்த்தியைப் பார்த்து மற்ற இரண்டு தேர்வாளர்களும் முழு மதிப்பெண் போட்டார்கள்.

கையெழுத்துப் போடும்போது கிருபாகரன் மெல்லக் கேட்டார்: "எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நெத்தியில வேர்வை வழியுது சார், முடி மட்டும் நனையவே இல்ல. கடை திறந்ததும் வாங்க, யாருக்கும் தெரியாத மாதிரி பொருத்தி விடுறேன்."